மீளழைக்கும் சார்பில் எந்தக் கிளையை முதலில் எழுதுவது?

நல்லூர்_நிரல் கேட்டது:

வணக்கம். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் மாணவருக்கு மீளழைப்பு (ரிக்கர்ஷன்), அதாவது ஒரு சார்பு தன்னையே அழைப்பது, பற்றி ஒரு செய்முறைக் குறிப்பு தயாரிக்கிறேன். உதாரணத்துக்கு வட மாகாண நிர்வாக மரத்தை எடுத்திருக்கிறேன். மாகாணத்தின் கீழ் 5 மாவட்டங்கள், அவற்றின் கீழ் பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றின் கீழ் கிராம அலுவலர் பிரிவுகள். யாழ் மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. சனத்தொகை எண் கிராம அலுவலர் பிரிவில் மட்டும் பதியப்பட்டிருக்கும். மேலே உள்ள எதற்கும் கூட்டித்தான் எடுக்க வேண்டும்.

தமிழ்ச் சொற்களால் எழுதும் எழில் நிரல்மொழியின் சொற்களையும் பைதனின் உள்தள்ளலையும் சேர்த்துப் போலிநிரலாகத் தருகிறேன். நிரல்பாகம் என்பது சார்பு, பின்கொடு என்பது விடையைத் திருப்புவது, வெறுமை என்பது ஒன்றும் இல்லாத பெறுமதி. முதல் வடிவம்:

நிரல்பாகம் சனத்தொகை(இடம்)
    @(இடம் != வெறுமை) ஆனால்
        @(நீளம்(இடம்.உட்பிரிவுகள்) > 0) ஆனால்
            கூட்டு = 0
            ஒவ்வொரு பிரிவு : இடம்.உட்பிரிவுகள்
                @(பிரிவு != வெறுமை) ஆனால்
                    கூட்டு = கூட்டு + சனத்தொகை(பிரிவு)
            பின்கொடு கூட்டு
        இல்லை
            பின்கொடு இடம்.எண்ணிக்கை
    இல்லை
        பின்கொடு 0

இரண்டாவது வடிவம்:

நிரல்பாகம் சனத்தொகை(இடம்)
    @(இடம் == வெறுமை) ஆனால்
        பின்கொடு 0
    @(நீளம்(இடம்.உட்பிரிவுகள்) == 0) ஆனால்
        பின்கொடு இடம்.எண்ணிக்கை
    கூட்டு = 0
    ஒவ்வொரு பிரிவு : இடம்.உட்பிரிவுகள்
        கூட்டு = கூட்டு + சனத்தொகை(பிரிவு)
    பின்கொடு கூட்டு

இரண்டும் ஒரே விடையைத்தான் தருகின்றன. இரண்டாவதுதான் வாசிக்க இலகு என்று எனக்குப் படுகிறது. ஆனால் "முக்கியமான வேலை மீளழைப்பில்தானே நடக்கிறது, அதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்?" என்று மாணவர் கேட்டால் சரியான காரணம் சொல்ல வேண்டும். அடிநிலை, அதாவது மீளழைக்காமல் நேரே விடை தரும் நிலை, ஒன்றுக்கு மேல் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்பதற்கும் ஏதும் முறை உண்டா?

---

அச்சுவேலி_மரம் பதில்:

தம்பி, இரண்டாவது வடிவந்தான். காரணத்தைச் சொல்லுறன், மாணவருக்கு அப்படியே சொல்லிக் குடுங்கோ.

முதல் வடிவத்தில் கடைசி வரியைப் பாருங்கோ: "இல்லை, பின்கொடு 0". எந்த நிபந்தனைக்கு அந்த "இல்லை"? பதில் தெரிய ஒன்பது வரி மேலே ஏற வேணும், அதோட உள்தள்ளலையும் விரல் வைத்து எண்ண வேணும். மீளழைப்பை வாசிக்கிறவரின் தலைக்குள் ஏற்கெனவே ஒரு சுமை இருக்கு. "இதே சார்பு சின்ன உள்ளீட்டுக்குச் சரியாக வேலை செய்யும்" என்று நம்பிக்கொண்டுதான் அவர் மேலே வாசிக்கிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் அடிநிலை. அதை முதலில் கண்டால், மீள்கிளைக்கு வரும்போது "இங்கே இடம் வெறுமை அல்ல, உட்பிரிவு ஒன்றாவது இருக்கு" என்ற இரண்டு உண்மையும் கையில் இருக்கும். முதல் வடிவத்திலும் அதே உண்மைகள் உண்டு, ஆனால் அவற்றைத் திறந்த நிபந்தனைகளாக மூன்று உள்தள்ளல் ஆழத்துக்குச் சுமந்துகொண்டு போக வேணும்.

வாசிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் வடிவத்தில் வெறுமைச் சோதனை இரண்டு தரம் வருது, ஒன்று சார்பின் தலையில், மற்றது சுற்றுக்குள். இது மாணவர் எழுத்தில் அடிக்கடி வாற பழக்கம். பிள்ளைக் கணுவை (மரத்தில் அடுத்த படியில் உள்ள உறுப்பை) அழைக்கமுன் கையை நீட்டி அது வெறுமையா என்று தடவிப் பார்க்கிறது. ஒவ்வொரு அழைப்பும் தன்ர உள்ளீட்டைத் தானே சோதிக்கும் என்றால் அழைக்கிறவர் சோதிக்கத் தேவையே இல்லை. ஒரு கணுவுக்கு இடது, வலது என்று இரண்டு பிள்ளை வரை உள்ள இரும மரத்தில் இந்தப் பழக்கம் இன்னும் மோசமாகும். "இரண்டு பிள்ளையும் உண்டு, இடது மட்டும், வலது மட்டும், இரண்டும் இல்லை" என்று நாலு கிளை எழுதுவினம். தலையில் "கணு வெறுமை என்றால் 0" என்று ஒரு வரி போட்டால் அந்த நாலும் ஒன்றாகிவிடும்.

இனி, இரண்டாவது வடிவத்திலேயே உந்த நிபந்தனையில் ஒரு குறை இருக்கு. "உட்பிரிவுகளின் நீளம் 0" என்பதை நீங்கள் "இது கிராம அலுவலர் பிரிவு" என்ற பொருளில் பாவிக்கிறீங்கள். இரண்டும் ஒன்றல்ல. நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவில் 6 கிராம அலுவலர் பிரிவுகள் உண்டு. அவற்றை இன்னும் தரவில் ஏற்றவில்லை என்று வைப்பம். அப்ப நெடுந்தீவுக் கணுவுக்கு உட்பிரிவு இல்லை, நிரல் அதை இலையாக, அதாவது பிள்ளை இல்லாத கடைசிக் கணுவாக, எடுத்து, பதியப்படாத எண்ணிக்கையைத் திருப்பும். அது 0 ஆக இருந்தால் மாவட்டக் கூட்டுத்தொகை சத்தமில்லாமல் குறையும். ஒரு பிழைச் செய்தியும் வராது. எது அடிநிலை என்பதைத் தரவின் பொருளால் சொல்லுங்கோ:

    @(இடம்.வகை == கிராம_அலுவலர்_பிரிவு) ஆனால்
        பின்கொடு இடம்.எண்ணிக்கை
    @(நீளம்(இடம்.உட்பிரிவுகள்) == 0) ஆனால்
        பிழை("உட்பிரிவுகள் ஏற்றப்படவில்லை: " + இடம்.பெயர்)

இப்படி எழுதினால் இரண்டு நிபந்தனையும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லுது. முதலாவது எங்கே நிற்பது என்று சொல்லும், இரண்டாவது தரவு முழுமையா என்று சொல்லும். ஒரு கிளைக்குள் இரண்டு கேள்வியைத் திணித்திருந்தால், வரிசையை எப்படி மாத்தினாலும் வடிவாக வராது.

---

கரவெட்டி_நிபந்தனை பதில்:

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் அடிநிலைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. என் பார்வையில் நல்லூர்_நிரலின் கேள்வியில் கனமான பகுதி அதுதான்.

வரிசை பற்றி முடிவெடுக்கமுன் கேட்க வேண்டியது: இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரே உள்ளீட்டுக்கு ஒன்றாக உண்மையாகுமா? ஆகாது என்றால் வரிசை வாசகருக்கானது, விருப்பம்போல் மாற்றலாம். ஒன்றாக உண்மையாகும், ஆனால் இரண்டும் ஒரே விடையைத் தரும் என்றாலும் மாற்றலாம். ஒன்றாக உண்மையாகி வேறு வேறு விடை தரும் என்றால், வரிசை நிரலின் பொருளில் ஒரு பகுதி. அங்கே அழகுக்காகக் கை வைக்கக் கூடாது.

உதாரணம். கையில் 1, 2, 5, 10 ரூபா நாணயங்கள் ஒவ்வொன்று இருக்கின்றன. ஒரு தொகையைச் சரியாகக் கொடுக்க எத்தனை வழி?

நிரல்பாகம் வழிகள்(தொகை, நாணயங்கள்)
    @(தொகை == 0) ஆனால்
        பின்கொடு 1
    @(தொகை < 0) ஆனால்
        பின்கொடு 0
    @(நாணயங்கள் == []) ஆனால்
        பின்கொடு 0
    முதல் = நாணயங்கள்[0]
    மற்றவை = நாணயங்கள்[1:]
    பின்கொடு வழிகள்(தொகை - முதல், மற்றவை) + வழிகள்(தொகை, மற்றவை)

மூன்று அடிநிலைகளையும் சோடி சோடியாகப் பாருங்கள். "தொகை 0", "தொகை 0-க்குக் கீழ்" ஒன்றாக உண்மையாகவே முடியாது. "0-க்குக் கீழ்", "நாணயம் தீர்ந்தது" ஒன்றாக உண்மையாகலாம், ஆனால் இரண்டும் 0 தருகின்றன. எனவே இவ்விரு சோடிகளிலும் வரிசை உங்கள் விருப்பம். "தொகை 0", "நாணயம் தீர்ந்தது" என்ற சோடிதான் ஆபத்தானது. கடைசி நாணயத்தைக் கொடுத்ததும் தொகை சரியாக முடிந்தால் இரண்டும் உண்மை. ஒன்று 1 என்கிறது, மற்றது 0 என்கிறது. சரியான விடை 1.

யாராவது "வெற்றுப் பட்டியல் சோதனை எப்போதும் தலையில் இருக்க வேண்டும்" என்ற பழக்கத்தில் மூன்றாவதை முதலாவதாக ஏற்றினால் நடப்பதைப் பாருங்கள். 8 ரூபாவுக்கு விடை 1 என்று சரியாக வரும், ஏனென்றால் 1+2+5 முடியும்போது 10 ரூபா நாணயம் பட்டியலில் இன்னும் மிச்சம். 3-க்கும் சரி, 9-க்கு 0 என்பதும் சரி. ஆனால் 10 ரூபாவுக்கு 1 வரவேண்டிய இடத்தில் 0 வரும். 18-க்கும் அப்படியே. பட்டியலைத் திருப்பி 10, 5, 2, 1 என்று கொடுத்தால் பிழை வேறு தொகைகளுக்கு இடம்மாறும்: 1, 3, 6, 8 என்று 1 ரூபா நாணயம் வேண்டிய தொகைகள் எல்லாம் 0 ஆகும். உள்ளீட்டின் வரிசையை மாற்றும்போது பிழை நகர்ந்தால், அடிநிலைகளின் வரிசையை முதலில் சந்தேகியுங்கள்.

இதே பிழையான வரிசை, ஒரு நாணயத்தை எத்தனை தரமும் பாவிக்கலாம் என்ற வடிவத்தில் தீங்கு செய்யாது. அங்கே தொகையைக் கழிக்கும்போது பட்டியல் குறைவதில்லை, ஆகவே தொகை 0 ஆகும் நேரத்தில் பட்டியல் வெறுமையாக இருக்க வாய்ப்பில்லை. முதல் அழைப்பே 0 தொகையும் வெற்றுப் பட்டியலுமாக இருந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். அங்கே சரியாக ஓடிய நிரலை இங்கே பிரதி செய்து ஒட்டும்போதுதான் அகப்படுகிறார்கள்.

அக்கர்மன் சார்பு இன்னொரு நல்ல பயிற்சி. ம 0 என்றால் ந+1. ந 0 என்றால் அ(ம-1, 1). மற்றபடி அ(ம-1, அ(ம, ந-1)). முதல் இரண்டையும் இடம்மாற்றி எழுதி அ(0, 0) கேளுங்கள். அது அ(-1, 1)-க்குப் போகும், பிறகு ம கீழேயே இறங்கிக்கொண்டிருக்கும், திரும்பி வராது. இங்கே இரண்டாவது கிளை எல்லை நிலைதான், ஆனாலும் தானே மீளழைக்கிறது. "அடிநிலை முதலில்" என்று மட்டும் சொன்னால் மாணவர் இதை எங்கே வைப்பதென்று தடுமாறுவார். மீளழைக்காத கிளைகள் முதலில், எல்லையில் நின்று மீளழைப்பவை அடுத்து, பொதுவானது கடைசியில் என்று சொல்லிக் கொடுங்கள்.

நிபந்தனைகளை மேலிருந்து கீழாக, முதலில் உண்மையானதை எடுப்பது என்ற முறை கணினி மொழிகளுக்குள் மீளழைப்போடு கைகோத்தே வந்தது. ஜோன் மக்கார்த்தி தன் லிஸ்ப் நிரல்மொழி பற்றி 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் தொடர்பெருக்கத்தை இப்படித்தான் எழுதினார்: ந 0 என்றால் 1, மற்றபடி ந பெருக்கல் (ந-1)-இன் தொடர்பெருக்கம். முதல் நிபந்தனை பிடித்துவிட்டால் மற்றது மதிப்பிடப்படாது, அதனால் -1-இன் தொடர்பெருக்கம் என்ற பொருளற்ற கோவை எழுவதே இல்லை என்பதையும் அங்கேயே விளக்கினார். மறுபுறம், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் முன்வைத்த காவல் கட்டளைகளில் வரிசைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு கிளையும் தன் நிபந்தனையை முழுமையாகச் சொல்ல வேண்டும், இரண்டு உண்மையானால் எதையும் எடுக்கலாம். பைதனில் எழுதினாலும் டைக்ஸ்ட்ராவின் முறையில் ஒரு தரம் தாளில் எழுதிப் பார்ப்பது மிகவும் பயன்தரும். மேலே உள்ள மூன்றாவது நிபந்தனை அப்போது "தொகை > 0, நாணயம் இல்லை" என்று விரியும். எந்த வரிசைக்குள் என்ன அனுமானம் ஒளிந்திருந்தது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

---

ஊர்காவற்றுறை_படம் பதில்:

வரிசை பிழைத்தால் நிரல் நிற்காமலே பொய் சொல்லும் இடம் இன்னொன்று இருக்கிறது, கட்டப் படத்தில் தீவுகளை எண்ணுவது. தீவகத்தையும் குடாநாட்டையும் 100×100 கட்டமாக்கி, நிலம் 1, கடல் 0 என்று வைத்து, ஒரு நிலக் கட்டத்தைக் கண்டால் அதோடு ஒட்டிய நிலம் முழுவதையும் மீளழைப்பால் அடையாளமிடுகிறோம். கீழே அடைப்புக்குறிக்குள் நிரை என்பது கிடைவரிசை, நிரல் என்பது நிலைவரிசை.

நிரல்பாகம் நிரப்பு(நிரை, நிரல்)
    @(படத்துக்கு_வெளியே(நிரை, நிரல்)) ஆனால்
        பின்கொடு
    @(படம்[நிரை][நிரல்] != நிலம்) ஆனால்
        பின்கொடு
    படம்[நிரை][நிரல்] = பார்த்தது
    நிரப்பு(நிரை - 1, நிரல்)
    நிரப்பு(நிரை + 1, நிரல்)
    நிரப்பு(நிரை, நிரல் - 1)
    நிரப்பு(நிரை, நிரல் + 1)

எல்லைச் சோதனை முதலில், கட்டத்தைத் தொடும் சோதனை இரண்டாவது. மாற்றினால் ஜாவாவில் எல்லா விளிம்பிலும் பிழை எழும், அதனால் உடனே பிடிபடும். பைதனில் அப்படியில்லை. படம்[100] பிழை எழுப்பும், ஆனால் படம்[-1] என்றால் கடைசி நிரை, அது முறையான சுட்டி. ஆகவே மாணவருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மட்டும் பிழைச் செய்தி வரும். அவர் அந்த இரண்டு விளிம்புக்கு மட்டும் சோதனை சேர்த்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு வடக்கே காங்கேசன்துறையைத் தாண்டிய நிரப்பல் தெற்கே பூநகரிக் கரையில் ஏறும். தனித்தனி நிலங்கள் இரண்டு ஒன்றாக எண்ணப்படும், செய்தி ஒன்றும் வராது. நாலு விளிம்பையும் ஒரே பெயருள்ள சோதனைக்குள் வைப்பது இதற்காகத்தான்.

இரண்டையும் ஒரே வரியில் "அல்லது" போட்டு இணைக்கலாம். பைதனும் ஜாவாவும் இடப்பக்கம் உண்மையானால் வலப்பக்கத்தை மதிப்பிடாது. ஆனால் ஒரு வரிக்குள்ளும் வரிசை வரிசைதான். எல்லை இடப்பக்கம் நிற்க வேண்டும்.

அடையாளமிடும் வரி நாலு மீளழைப்புக்கும் முன்னால் இருப்பதைக் கவனியுங்கள். பின்னால் போட்டால் பக்கத்துக் கட்டம் திரும்ப இந்தக் கட்டத்தை அழைக்கும், இது அதை அழைக்கும், அடுக்கு (முடியாத அழைப்புகள் காத்திருக்கும் நினைவகப் பகுதி) நிரம்பும்வரை ஓயாது.

அடுக்கு பற்றி ஒன்று. பைதனின் இயல்பு மீளழைப்பு எல்லை 1000. மேலே உள்ள மேல், கீழ், இடம், வலம் வரிசையில் கட்டம் முழுவதும் நிலமாக இருந்து, மூலையிலிருந்து தொடங்கினால், நிரப்பல் பாம்புபோல் வளைந்து எல்லாக் கட்டத்தையும் ஒரே சங்கிலியாகக் கடக்கும். ஆழம் 10,000. கிளை வரிசையை எவ்வளவு திருத்தினாலும் இது தீராது. பெரிய படத்துக்கு நீங்களே ஒரு அடுக்கை வைத்துச் சுற்றாக எழுத வேண்டும்.

---

நல்லூர்_நிரல்:

நன்றி அண்ணைமார். வகையைச் சோதிக்கும் திருத்தத்தைச் சேர்த்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, கிராம அலுவலர் பிரிவுகளின் பெயரை இருமத் தேடல் மரத்தில் (சிறியது இடது, பெரியது வலது) வைத்திருக்கிறேன். அங்கே இடது, வலது இரண்டும் மீள்கிளை, எதை முன்னால் வைப்பது? மற்றது, மேலே பின்கொடுத்த பிறகு "இல்லை" எழுதத் தேவையா? பைதன் நிரலைச் சோதிக்கும் பைலின்ட் கருவி வேண்டாம் என்று எச்சரிக்கிறது.

---

அச்சுவேலி_மரம் பதில்:

தேடலுக்கு நான் எழுதுவது இப்படி:

நிரல்பாகம் தேடு(கணு, பெயர்)
    @(கணு == வெறுமை) ஆனால்
        பின்கொடு வெறுமை
    @(பெயர் == கணு.பெயர்) ஆனால்
        பின்கொடு கணு

    @(பெயர் < கணு.பெயர்) ஆனால்
        பின்கொடு தேடு(கணு.இடது, பெயர்)
    இல்லை
        பின்கொடு தேடு(கணு.வலது, பெயர்)

வெறுமை கட்டாயம் முதலில், ஏனென்றால் அடுத்த வரி கணு.பெயரைத் தொடுது. அதுக்குப் பிறகு ஒரு வெற்று வரி விட்டிருக்கிறன், நிற்கிற இடங்கள் மேலே, தொடருற இடங்கள் கீழே. இடது, வலது இரண்டும் சம உரிமையுள்ள சோடி. இரண்டில் ஒன்று கட்டாயம் நடக்கும். அதைக் காட்டத்தான் "இல்லை" வைத்திருக்கிறன். மேலே நின்று உடனே பின்கொடுக்கிற காவல் வரிகளுக்குப் பிறகு "இல்லை" வேண்டாம் என்பதில் பைலின்ட் சொல்லுறது சரி, சோடிக் கிளைக்கு நான் அதைக் கேட்கிறதில்லை. குழுவாக வேலை செய்தால் ஒரு முறையை எல்லாரும் பேசி வைச்சுக்கொள்ளுங்கோ. மரத்தில் இடது எந்தப் பக்கமோ நிரலிலும் அது முன்னால், ஒப்பீட்டையும் "<" திசையிலேயே எழுதுங்கோ. ஒரு இடத்தில் "<", இன்னொரு இடத்தில் ">" என்று மாறி மாறி வந்தால் வாசிக்கிறவர் ஒவ்வொரு தரமும் மனதுக்குள் திருப்பிப் போட வேண்டிவரும்.

"சமம் என்ற சோதனை ஒரு தேடலில் ஒரு தரந்தானே வெல்லும், அதைப் பின்னால் தள்ளினால் வேகம்" என்று சிலர் சொல்லுவினம். சமச்சீராக அடுக்கினால் 435 பெயருக்கு மரத்தின் உயரம் 9. மிஞ்சிப்போனால் 9 ஒப்பீடு கூட. அதுக்காக வாசிப்பைக் கெடுக்கத் தேவையில்லை. மரம் முழுவதையும் சுற்றி வரும் சார்பில் கணக்கு வெறுமைச் சோதனைக்கே சாதகம்: 435 கணு என்றால் வெறுமையான பிள்ளை இடங்கள் 436, மொத்த அழைப்பு 871. பாதிக்கு மேல் முதல் வரியிலேயே திரும்பும்.

தமிழ்ப் பெயர் என்பதால் ஒரு எச்சரிக்கை. பைதனின் "<" யுனிகோட் எண்ணை ஒப்பிடும், அகரவரிசையை அல்ல. யுனிகோடில் "ற" "ல"-க்கு முன்னால் நிற்குது. ஆகவே மறவன்புலவு மல்லாகத்துக்கு முன்னால் வரும், தமிழ் அகரவரிசையில் மல்லாகந்தான் முன். சேர்க்கும்போதும் தேடும்போதும் ஒரே ஒப்பீட்டைப் பாவித்தால் தேடல் பிழைக்காது. பட்டியலை அச்சிடும்போது மட்டும் வரிசை குழம்பும். சேர்க்க ஒரு ஒப்பீடு, தேட இன்னொன்று என்று கலந்தால் இருக்கிற பெயரே அகப்படாது.

---

கொக்குவில்_வரையறை பதில்:

ஒரு மாற்றுக் கருத்து. "அடிநிலை முதலில்" என்பதைச் சட்டமாக்காதீர்கள். தரவுக்கு வகைகள் பல இருக்கும்போது அதைவிட நல்ல வழிகாட்டி தரவின் வரையறையே. வகைகளை "மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு" என்று மேலிருந்து கீழாக அறிவித்திருந்தால், அந்த வகைகளைக் கையாளும் ஒவ்வொரு சார்பிலும் கிளைகள் அதே வரிசையில் வரட்டும், அடிநிலை கடைசியில் வந்தாலும் பரவாயில்லை. வகைகள் ஒன்றையொன்று விலக்குவதால், கரவெட்டி_நிபந்தனை சொன்னபடி, பொருள் மாறாது. பத்துச் சார்பு பத்து வரிசையில் இருந்தால் எதில் எந்த வகை விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினம். ஹஸ்கெல், ஓகேமல் போன்ற மொழிகளில் வகை விடுபட்டாலும், மேலே உள்ள கிளையின் கோலம் கீழே உள்ள கிளைக்குரியதையும் விழுங்கினாலும் தொகுப்பி எச்சரிக்கும். பைதனில் அந்த உதவி இல்லாததால் ஒரே வரிசை என்ற ஒழுங்குதான் உங்கள் பாதுகாப்பு.

இப்படி எழுதும்போது கடைசி வகையை வெறும் "இல்லை"-க்குள் விடாதீர்கள். அதற்கும் நிபந்தனை எழுதி, அதன் கீழே "தெரியாத வகை" என்று பிழை எழுப்புங்கள். நாளைக்கு யாராவது மாநகர சபை வட்டாரம் என்று ஒரு வகையைச் சேர்த்தால், அது கிராம அலுவலர் பிரிவாக நினைக்கப்பட்டுக் கூட்டலுக்குள் நுழையக் கூடாது.

உள்ளீடு முறையானதா என்ற சோதனைக்கு மீளழைக்கும் சார்பு இடமே அல்ல. எதிர்மறை எண், பிழையான வகை, இதையெல்லாம் வெளியே ஒரு சார்பில் ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே உள்ள மீளழைப்புச் சார்பைக் கூப்பிடுங்கள். அல்லாவிட்டால் ஒவ்வொரு அழைப்பிலும் அதே சோதனை நடக்கும். அதைவிடப் பெரிய தீங்கு, வாசகர் அதையும் அடிநிலை என்று எண்ணிக்கொள்வார்.

விடைகளை நினைவில் வைக்கும் வடிவத்தில் அடிநிலை முதலில், "ஏற்கெனவே கண்ட விடையா" இரண்டாவது, கணக்கிடுவது மூன்றாவது, நினைவில் எழுதுவது பின்கொடுக்கும் வரிக்கு நேர் முன்னால். பிபனாச்சி 30-க்கு நினைவில்லாமல் 26,92,537 அழைப்புகள். நினைவோடு 59. இரண்டாவது சோதனையை "நினைவில் உள்ள பெறுமதி உண்மையா" என்று எழுதாதீர்கள், "நினைவில் அந்தச் சாவி உண்டா" என்று எழுதுங்கள். விடையே 0 ஆன ஒரு கணக்கில், நாணயக் கணக்கு அப்படிப்பட்டது, 0 பொய்யாக எடுக்கப்பட்டு ஒவ்வொரு தரமும் திரும்பக் கணக்கிடப்படும். விடை சரியாகவே வரும், வேகம் மட்டும் வராது.

---

கரவெட்டி_நிபந்தனை:

கொக்குவில்_வரையறை சொன்ன வகை வரிசைக்கு நானும் இணக்கம். ஒரு எல்லை மட்டும்: வெறுமை ஒரு வகை அல்ல. இடம்.வகை என்று தொடுவதற்கு முன் அது தலையில்தான் இருக்க வேண்டும். அல்லது உட்பிரிவுப் பட்டியலில் வெறுமை சேரவே முடியாதபடி தரவை ஏற்றும் இடத்தில் தடுத்துவிட்டு, சனத்தொகைச் சார்பிலிருந்து அந்த வரியையே நீக்கிவிடலாம். எனக்கு இரண்டாவதே விருப்பம். வெறுமையான மாவட்டத்துக்குச் சனத்தொகை 0 என்பது விடையல்ல, தரவுப் பிழையை மறைப்பது.

---

நல்லூர்_நிரல்:

சரி. எல்லாவற்றையும் வைத்துத் திருத்திய வடிவம் இது. வெறுமைச் சோதனை தரவேற்றும் சார்புக்குப் போய்விட்டது. மேல்வகை மூன்றையும் ஒரே கிளையாக்கியிருக்கிறேன், அறிவிப்பில் உள்ள வரிசையிலேயே:

நிரல்பாகம் சனத்தொகை(இடம்)
    @(இடம்.வகை உள் [மாகாணம், மாவட்டம், பிரதேச_செயலகம்]) ஆனால்
        பின்கொடு உட்பிரிவுக்_கூட்டு(இடம்)
    @(இடம்.வகை == கிராம_அலுவலர்_பிரிவு) ஆனால்
        பின்கொடு இடம்.எண்ணிக்கை
    பிழை("தெரியாத வகை: " + இடம்.பெயர்)

நிரல்பாகம் உட்பிரிவுக்_கூட்டு(இடம்)
    @(நீளம்(இடம்.உட்பிரிவுகள்) == 0) ஆனால்
        பிழை("உட்பிரிவுகள் ஏற்றப்படவில்லை: " + இடம்.பெயர்)
    கூட்டு = 0
    ஒவ்வொரு பிரிவு : இடம்.உட்பிரிவுகள்
        கூட்டு = கூட்டு + சனத்தொகை(பிரிவு)
    பின்கொடு கூட்டு

---

அச்சுவேலி_மரம்:

வடிவாக இருக்கு தம்பி. மீளழைப்பு இப்ப இரண்டு சார்பாகப் பிரிந்து ஒன்றையொன்று அழைக்குது, அதைக் குறிப்பில் ஒரு வரி சொல்லிவிடுங்கோ. மாணவர் உட்பிரிவுக்_கூட்டை மட்டும் பார்த்துவிட்டு "இதுக்குள் அடிநிலை எங்கே?" என்று தேடுவினம். சோதிக்க நாலு மரம் போதும்: தனி ஒரு கிராம அலுவலர் பிரிவு, 6 இலையோட நெடுந்தீவு, உட்பிரிவு ஏற்றாத ஒரு பிரதேச செயலகம், தெரியாத வகையில் ஒரு கணு. கடைசி இரண்டிலும் பிழை எழ வேணும், 0 வரக்கூடாது.